கொடியசைக்கக் காத்திருந்தோம்

இந்தத் துயரக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் நம் பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே! தேனருவி குழந்தைகள் மருத்துவமனையின் தலைமை மருத்துவர் நேசையா அவர்களே! நலநடைக் குழுவின் தலைவர் அருணாசலம் அண்ணாச்சி அவர்களே! முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் குமரகுருபரன் சார் அவர்களே! ராதாபுரத்திலிருந்து பஸ் மாறி வந்து சேர்ந்திருக்கும் முத்துமாலை, பேச்சித்தாய் தம்பதியரே! என்னோடு பணியாற்றும் ஆசிரியர்களே! எங்கள் மாணவியரே, அவர்களைப் பெற்றவர்களே! உங்கள் எல்லோருக்கும் கலங்கிய நெஞ்சோடு என் வணக்கம்.

என் பெயர் பாலம்மாள். இந்தப் பள்ளியின் தமிழாசிரியை. மேடை ஏறினால் செய்யுள் சொல்லாமல் இறங்க மாட்டேன் என்று என்னை நீங்கள் கேலி செய்வதுண்டு. இன்று என்னிடம் செய்யுள் இல்லை. சித்திரைக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாளையங்கோட்டை மைதானத்திலும் சீவலப்பேரி சாலையிலும் என் கண்முன் நடந்தது மட்டும்தான் இருக்கிறது. அன்று எங்கள் உடற்கல்வி ஆசிரியை விஜயஸ்ரீ அம்மையாரின் பக்கத்தில் நடந்தவள் நான். கடைசியில் அவர் தலை சாய்ந்தது என் மடியில். ஆகவே நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

யார் இந்த விஜயஸ்ரீ? விசில் ஊதினால் மைதானத்து நாயும் வரிசையில் நிற்கும் என்று பிள்ளைகள் சொல்வார்களே, அவரா? ஆம், அவர்தான். மழைக்காலத்தில் ஈரத்தரையில் ஓடச் சொன்ன அதிகாரியிடம், "முதல்ல நீங்க ஓடிக் காட்டுங்க சார்" என்றாரே, அவரா? ஆம், அவர்தான்! ஆனால் என் மனதில் நிற்கும் விஜயஸ்ரீ வேறு. அவரை முதன்முதலாக நான் முழுதாகப் பார்த்தது சுகன்யாவின் விஷயத்தில்.

சுகன்யா அன்று ஆறாம் வகுப்பு. சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் பிள்ளை. விளையாட்டு விழாவுக்கு ஓட்டப்பந்தயம் பழகிக்கொண்டிருந்தார்கள். ஓடி முடித்த பிள்ளைகள் எல்லாம் இரைத்தார்கள், சிரித்தார்கள். சுகன்யாவும் சிரித்தாள். டீச்சர் மட்டும் அவள் உதட்டைப் பார்த்தார்.

"ஏட்டி, இங்கன வா. நாவல்பழம் தின்னியா?"

"இல்ல டீச்சர்."

"நாக்க நீட்டு."

நாக்கும் நீலமாக இருந்தது. அன்று மாலையே அதே டவுன் பஸ்ஸில் ஏறி அவள் வீட்டுக்குப் போனார். நானும் துணைக்குப் போனேன். அவள் அப்பா சுடலைமணி வயல் வேலை முடித்து, காலில் சேறு காயாமல் நின்றார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் இறுகிப்போனது.

"நெஞ்சுல கோளாறுன்னு ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு இவள யாரு கெட்டுவா டீச்சர்? விட்டுருங்க, வளந்தா சரியாப் போவும்."

"கெட்டிக் குடுக்கதுக்குப் பிள்ளை இருக்கணும்லா அண்ணாச்சி? நாளைக்குக் காலையில வாரேன். நீங்க வரலைன்னாலும் நான் கூட்டிட்டுப் போவேன்."

கூட்டிக்கொண்டு போனார். போன இடம் சீவலப்பேரி சாலையில் இருக்கும் தேனருவி மருத்துவமனை. இதயத்தில் ஓட்டை என்று கண்டுபிடித்தவர் இதோ இங்கே இருக்கும் டாக்டர் நேசையா. மதுரைக்கு அனுப்பி அறுவை சிகிச்சை செய்து, பிள்ளை பிழைத்து, வளர்ந்து, படித்து, இன்று அதே மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறாள். அந்தத் தூணோரம் நிற்கிறாளே, அவள்தான் சுகன்யா.

அந்தக் காலத்தில் தேனருவி ஒரு சிறிய கட்டடம். தகரக் கூரை போட்ட தாழ்வாரத்தில், பிள்ளையைப் பெற்றவர்கள் கிழிந்த பாயில் சுருண்டு கிடப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த டீச்சர் என்னிடம் சொன்னார், "பாலம்மா, நமக்குத் தெரிஞ்சது நடக்கதும் ஓடுததும்தான். நடப்போம். நாலு பேர் கேப்பாங்கள்லா, எங்க போறீங்கன்னு? அப்ப சொல்லுவோம்."

இப்படித்தான் நலநடை பிறந்தது. தை மாதத்துப் பனியில், இருட்டு விலகும் முன்னே, மைதானத்திலிருந்து ஒரு சின்னக் கூட்டம் கிளம்பியது. மருத்துவமனைக்கு உதவுங்கள் என்று அட்டைகளில் பிள்ளைகளே எழுதினார்கள். மேடை இல்லை. மைக் இல்லை. "எல்லாரும் வந்தாச்சா? நடங்கட்டி!" என்றார் டீச்சர். அவ்வளவுதான் தொடக்க விழா! பனைகளுக்கு மேலே சூரியன் ஏறும்போது நாங்கள் மருத்துவமனை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

ஆண்டுக்கு ஆண்டு கூட்டம் பெருகியது. அம்பாசமுத்திரம், ராதாபுரம் என்று தூரத்து ஊர்களிலிருந்தும் வந்தார்கள். குழு ஒன்று அமைந்தது. அருணாசலம் அண்ணாச்சி தலைவரானார். அவர் தன் கடையை மறந்து உழைத்தார், அதை யாரும் மறுக்க முடியாது. அந்தத் தகரக் கூரை போய் மாடி வந்ததும், பச்சிளங்குழந்தைகளுக்குத் தனி வார்டு வந்ததும் அந்த உழைப்பால்தான். ஆனால் கூட்டத்தோடு மேடையும் வந்தது. மேடையோடு கொடியசைப்பும் வந்தது. கொடியசைக்க ஒரு பெரிய மனிதர் வேண்டும் என்று ஆனது. அந்த வழக்கம் நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்று அன்று யாருக்குத் தெரிந்தது?

அன்பர்களே! இந்த ஆண்டு நடையும் தை மாதம்தான் நடந்திருக்க வேண்டும். சிறப்பு விருந்தினருக்கு அந்தத் தேதி தோதுப்படவில்லை. மாசிக்குத் தள்ளினோம். மாசியிலும் அவருக்கு வேலை. பங்குனியில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. கடைசியில் சித்திரை என்று முடிவானது. குழுக் கூட்டத்தில் டீச்சர் எழுந்து நின்றார்.

"கத்திரி வெயில்லயா அண்ணாச்சி?"

"காலையில ஆறு மணிக்குத் தொடங்கிருவோம் டீச்சர். வெயில் ஏறுததுக்குள்ள வீட்டுக்குப் போயி இட்லி சாப்பிடலாம்."

"அவரு ஆறு மணிக்கு வருவாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. பதில் வரும் என்று நின்றார். குழுவினர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

நடைக்கு முந்தின நாள் சாயங்காலம், எலுமிச்சம்பழமும் உப்பும் சீனியும் வாங்கிக்கொண்டு நானும் அவரும் ஆற்றுப் பாலத்தைக் கடந்தோம். தாமிரபரணி ஒரு ஓரமாக ஒதுங்கி ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தின் மேல் எப்போதும் சேலையைப் பறிக்கிற காற்று அடிக்குமே, அது இல்லை. ஒரு இலை அசையவில்லை. சூரியன் விழுந்த பிறகும் பாலத்துக் கைப்பிடியில் கை வைக்க முடியவில்லை. டீச்சர் நின்றுவிட்டார்.

"பாலம்மா, காத்தே இல்லாமக் கிடக்கு பாத்தியா? எனக்கு என்னவோ சரியாப் படல."

"அப்ப நாளைக்கு வராம இருந்துருங்களேன் டீச்சர்."

"நான் வரலைன்னா அந்தப் பிள்ளைகள யாரு பாப்பா?"

பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.

மறுநாள் விடியும்போதே மைதானம் நிறைந்துவிட்டது. வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. குழந்தைகள், கல்லூரி மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள், நோய் தீர்ந்த பிள்ளைகளின் பெற்றோர்கள். மேடைக்கு மட்டும் பந்தல் போட்டிருந்தார்கள். எதிரே நின்ற கூட்டத்துக்கு வானம்தான் கூரை. அந்த வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை.

மணி ஆறு ஆனது. ஏழானது. அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறார் விருந்தினர் என்றார்கள். "இந்தா கிளம்பிட்டாரு" என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பிட்டுட்டுப் போங்கன்னு பிடிச்சு வச்சுட்டாவளாம்" என்றார்கள். "கல்லிடைக்குறிச்சி தாண்டிட்டாரு" என்று மைக்கில் சொன்னார்கள். கைதட்டினோம். "வீரவநல்லூர் வந்துட்டாரு" என்றார்கள். கைதட்டல் குறைந்தது. "சேரன்மகாதேவி" என்றபோது யாரும் கைதட்டவில்லை. ஊர் ஊராக அவர் நெருங்கி வந்தார். நெற்றிக்கு நேரே வெயிலும் நெருங்கி வந்தது. மைதானத்துச் சுவரில் உட்கார்ந்திருந்த காக்கை வாயைப் பிளந்தபடியே இருந்தது. அது கரையவே இல்லை.

டீச்சர் ஓர் இடத்தில் நிற்கவில்லை. தன் மாணவிகளைக் கூப்பிட்டுச் சுற்றி நிறுத்தி, தாழ்ந்த குரலில் சொன்னார். அந்தக் குரல் என் காதில் இன்னும் இருக்கிறது.

"ஏட்டி, நல்லாக் கேட்டுக்கோங்க. வேர்க்குதவங்களப் பாத்து பயப்படாதீங்க. யாருக்கு வேர்வை நின்னு போவுதோ அவங்களப் பாத்து பயப்படுங்க. 'எனக்கு ஒண்ணுமில்ல'ன்னுதான் அவங்க சொல்லுவாங்க. அந்தப் பேச்சைக் கேக்காதீங்க. கையைத் தொட்டுப் பாருங்க. காஞ்சு கொதிச்சுதுன்னா உடனே தண்ணிய ஊத்துங்க, சத்தம் போடுங்க."

பிறகு மேடைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"அண்ணாச்சி, பிள்ளைகள் நிக்க முடியாம நிக்குது. நாம நடந்துருவோம். அவரு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்து அங்கன கொடியசைக்கட்டும்."

"செத்த பொறுங்க டீச்சர். பத்தமடை வந்துட்டாரு. அவரு மனசு கோணிட்டுன்னா அடுத்த கட்டடத்துக்கு அனுமதி நிக்கும். நான் எனக்காவா செய்யுதேன்? பிள்ளைகளுக்காகத்தான செய்யுதோம்?"

அண்ணாச்சி அன்று சொன்னது பொய் அல்ல. அவர் பிள்ளைகளுக்காகத்தான் செய்தார். இப்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வதும் எனக்குத் தெரிகிறது. பிள்ளைகளுக்காக என்று சொல்லிக்கொண்டே பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வைத்திருந்தோமே, அதை அந்த மைதானத்தில் உரக்கச் சொன்னவர் ஒரே ஒருவர். அவர் இன்று இல்லை.

விருந்தினர் வந்தார். தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்தார். நாதஸ்வரம் வாசித்தார்கள். மேடையில் இருந்தவர்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்தினார்கள். நடந்தால் உடம்புக்கு நல்லது என்று விருந்தினர் பேசினார், வெகுநேரம் பேசினார். கொடியசைத்தார். எங்களோடு மைதானத்து வாசல் வரை நடந்தார். படம் எடுத்தார்கள். காரில் ஏறினார். அவர் கார் மருத்துவமனை விழாவுக்குப் புறப்பட்டது. நடப்பவர்களுக்குப் பின்னால் வர வேண்டிய ஆம்புலன்ஸும் அந்தக் கார்களின் பின்னாலேயே போய்விட்டது!

டீச்சர் அதைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"கொடியசைச்சாச்சு, படமும் எடுத்தாச்சு. இத்தோட முடிச்சுக்கலாம். எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிருவோம்" என்று குழுவினரிடம் கேட்டுப் பார்த்தார். மருத்துவமனையில் பிள்ளைகள் பூ வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள், யாருமே வரவில்லை என்றால் ஏமாந்து போவார்கள் என்றார்கள். கூட்டமும் அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டது. அவர் என்ன செய்தார்? பள்ளி பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தினார். சிறு பிள்ளைகளையும் வயதானவர்களையும் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினார். ஒரு தாத்தா கோபித்துக்கொண்டார். "திட்டுங்க, ஆனா உக்காந்து திட்டுங்க" என்று அவரையும் ஏற்றினார். மீதிப் பேர் நடந்தோம்.

சீவலப்பேரி சாலையை நீங்கள் அறிவீர்கள். ஊர் எல்லை வரைக்கும் வீட்டு நிழல் கிடைக்கும். அதைத் தாண்டினால் இரு பக்கமும் திறந்து கிடக்கிற நிலம். அறுப்பு முடிந்த வயலிலிருந்து அனல் எழும்பி, தூரத்துப் பனைகள் தண்ணீருக்குள் நிற்பதுபோல் நெளிந்தன. தார் இளகிச் செருப்பைப் பிடித்தது. முதலில் பாட்டு நின்றது. அப்புறம் பேச்சு நின்றது. கால்கள் தேய்கிற சத்தம் மட்டும் கேட்டது. எதிரே வந்த டவுன் பஸ்ஸின் டிரைவர் வண்டியை நிறுத்தித் தலையை நீட்டினார்.

"ஏ, யாருக்கு ஆயுசு முடிஞ்சிருக்குன்னு இந்த நேரத்துல நடக்குதீய? ஏறுங்க, சும்மா கொண்டுபோய் விடுதேன்!"

அந்த நல்ல மனிதரின் பஸ்ஸில் பாதிப் பேரை டீச்சர் ஏற்றி, ஊருக்கே திருப்பி அனுப்பினார். ஒரு கல்லூரி மாணவன் மயங்கி விழுந்தான். அவனைத் தண்ணீரில் நனைத்து ஓர் ஆட்டோவில் அனுப்பினார். இன்னொரு பெண் வாந்தி எடுத்தாள். அவளையும் அனுப்பினார். கூட்டத்தின் தலைக்கும் வாலுக்குமாக அவர் ஓடிக்கொண்டே இருந்தார். நான் நடந்த தூரம் ஒரு மடங்கு என்றால் அவர் நடந்தது மூன்று மடங்கு இருக்கும்.

கடைசியில், எல்லோருக்கும் பின்னால், இரண்டு பேர் வெறுங்காலோடு வந்துகொண்டிருந்தார்கள். முத்துமாலையும் பேச்சித்தாயும். மூளைக்காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்த அவர்கள் மகள், தேனருவியில் கண் விழித்தாள். மறுபரிசோதனைக்காக அன்றும் அங்கேதான் இருந்தாள். பேச்சித்தாய் நேர்ந்துகொண்டிருந்தார். டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"செருப்பாவது போட்டுக்கோம்மா."

"வெறுங்கால்ல நடந்தே வாரேன்னு நேந்துருக்கேன் டீச்சரு. எம்பிள்ளைய நடக்க வச்சாங்கள்லா, நான் நடந்து போயித்தான் பாக்கணும்."

"நீ விழுந்துட்டன்னா அவ யாரப் பாப்பா? சாமிகிட்ட நான் பேசிக்கிடுதேன். நீ வண்டியில ஏறு."

பேச்சித்தாய் சிரித்தார். அடுத்த சில அடிகளில் அந்தச் சிரிப்பு கோணியது. "ஆடு அந்தப் பக்கம் போவுது, பத்துங்க, பத்துங்க" என்று புருஷனிடம் சொல்ல ஆரம்பித்தார். அங்கே ஆடு எதுவும் இல்லை. டீச்சர் அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரே மூச்சில் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டார்! சாலையை விட்டு இறங்கி, அறுத்துக் கிடந்த வயலின் குறுக்கே, தூரத்தில் தெரிந்த பம்புசெட்டுக்கு ஓடினார். முத்துமாலை அழுதுகொண்டே பின்னால் ஓடினார். நானும் ஓடினேன். வரப்பு தடுக்கி நான் விழுந்தேன். அவர் விழவில்லை.

பம்புசெட் தொட்டியில் பேச்சித்தாயை இறக்கி, தலையைக் கையில் தாங்கிக்கொண்டு, தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினார். கன்னத்தில் தட்டினார். "ஏ பேச்சித்தாய், உம்மக பேரு என்ன? சொல்லு! உம்மக பேரு என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் தண்ணீருக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது, "முத்துராணி."

அந்தப் பெயரைக் கேட்டதும் டீச்சர் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

திரும்பி வந்த ஆட்டோவைச் சாலையோரம் நிறுத்தி, புருஷனையும் பெண்சாதியையும் கொண்டுவந்து ஏற்றினோம். "நீங்களும் ஏறுங்க டீச்சர்" என்றேன். "ஆட்டோவுல இடம் இருந்தாத்தான் அவளப் படுக்க வைக்க முடியும். முன்னால போனதுகள்ல யாரும் விழுந்து கிடக்கான்னு பாக்கணும், நீ வா" என்று ஆட்டோவைப் போகச் சொன்னார். நடந்தோம். மருத்துவமனையின் மாடி தூரத்தில் தெரிந்தது. அங்கிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் காற்றில்லாத வெளியில் மிதந்து வந்தது. யாரையோ பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் நடையில் ஒரு தடுமாற்றம் தெரிந்தது. "என்ன டீச்சர்?" என்றேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல பாலம்மா."

அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் அவர் கையைத் தொட்டேன். காய்ந்திருந்தது. கொதித்தது. தொட்டி நீரில் நனைந்த சேலைகூடக் காய்ந்துபோயிருந்தது.

"குளிருது பாலம்மா. கதவைச் சாத்து" என்றார். அந்த வெட்டவெளியில், அந்த வெயிலில், கதவைச் சாத்தச் சொன்னார். அப்படியே மடங்கி உட்கார்ந்தார்.

என்னிடம் அரைப் பாட்டில் தண்ணீர் இருந்தது. அதை அவர் தலையில் ஊற்றினேன். என் நிழலை அவர் மேல் விழவைத்துக்கொண்டு கத்தினேன். யாருக்குக் கேட்கும்? முன்னால் போனவர்கள் போய்விட்டார்கள். பம்புசெட் வெகுதூரம் பின்னால் போய்விட்டது. குழுவினருக்குப் போன் போட்டேன், விழாச் சத்தத்தில் யாரும் எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் மருத்துவமனை வாசலில், விருந்தினர் காருக்குப் பின்னால், நின்றுகொண்டிருந்தது. காய்கறி ஏற்றிக்கொண்டு வந்த ஒரு குட்டியானை வண்டிதான் நின்றது. அந்த டிரைவரும் நானும் அவரைத் தூக்கி, கத்தரிக்காய் மூட்டைகளுக்கு நடுவே கிடத்தினோம். அவர் தலையை என் மடியில் தாங்கிக்கொண்டேன்.

அருகில் இருந்தது குழந்தைகள் மருத்துவமனைதான். வேறு எங்கே கொண்டுபோக முடியும்? அங்கே இருந்தவை குழந்தைகளின் கட்டில்கள். எங்கள் டீச்சர் உயரமானவர். அந்தக் கட்டிலுக்கு வெளியே அவர் முழங்காலுக்குக் கீழ் தொங்கியது. சுகன்யா ஓடி வந்து ஒரு ஸ்டூலைப் போட்டு அந்தக் கால்களைத் தாங்கினாள். டாக்டர் நேசையா மேடையிலிருந்து மாலையோடு ஓடி வந்தார், மாலையைக் கழற்ற நேரமில்லை. கிடைத்த ஐஸ் எல்லாம் கொண்டுவந்து அடுக்கினார்கள். அவர்கள் செய்யாதது ஒன்றும் இல்லை. பெரிய மருத்துவமனைக்கு மாற்றும் நிலை வரவே இல்லை. பொழுது சாயும்போது அவர் மூச்சு நின்றது. சுகன்யா அவர் கையை விடவில்லை. பக்கத்து வார்டில் முத்துராணி தன் அம்மாவின் மடியில் உறங்கிக்கொண்டிருந்தாள்.

அன்பர்களே! மறுநாள் என்ன சொன்னார்கள்? விஜயஸ்ரீ அம்மையாருக்கு ஏற்கெனவே இருதயக் கோளாறு இருந்தது என்றார்கள். யார் சொன்னார்கள் என்று கேட்டேன், எல்லோரும் சொல்கிறார்கள் என்றார்கள். நான் இந்த மேடையில், டாக்டர் நேசையாவுக்கு முன்னால், அவர் கணவர் குமரகுருபரன் சாருக்கு முன்னால் சொல்கிறேன். அவருக்கு இருதயத்தில் எந்தக் கோளாறும் இல்லை! அவரைக் கொன்றது வெப்பத்தாக்கு. டாக்டர் தலையசைக்கிறார், எல்லோரும் பாருங்கள். அவர் உடம்பு பலவீனமானது என்று சொல்லி, அந்தக் காலை நேரத்தை நாம் கழுவிவிடப் பார்க்கிறோம். நேரம் அப்படிக் கழுவப்படுமா? அது அடுத்த சித்திரையில் இன்னொரு மைதானத்தில் வந்து நிற்காதா?

என்னிடம் நேற்று ஒரு செய்தி சொன்னார்கள். அடுத்த ஆண்டு நடைக்கு 'விஜயஸ்ரீ நினைவு நடை' என்று பெயர் வைக்கப்போகிறார்களாம். கொடியசைக்க அதே விருந்தினர் மனமுவந்து ஒப்புக்கொண்டாராம். தேதியை அவர் வசதிப்படி சொல்வாராம். அவர் பெயரைப் போட்டு, அவரைக் கொன்ற அதே வரிசையில் இன்னொரு கூட்டத்தை நிறுத்துவதா?

ஆகவே, நானும் என் சக ஆசிரியைகளும், சுகன்யாவும், முத்துமாலை பேச்சித்தாய் குடும்பமும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். நடை தொடரும். குழந்தைகளுக்கு அந்த மருத்துவமனை வேண்டும், அதற்கு நாங்கள் வேண்டும். தை மாதத்தில், விடியும் முன்னே, நாங்கள் கிளம்புவோம். வந்தவர்கள் நடப்பார்கள். வராதவர்களுக்காக ஒருவரும் நிற்க மாட்டார்கள், அவர் யாராக இருந்தாலும்! ஆம்புலன்ஸ் கடைசி ஆளுக்குப் பின்னால் வரும். இதில் எதையாவது மாற்றச் சொன்னால், அந்த நடைக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒரு பிள்ளையும் வராது. இது விஜயஸ்ரீ அம்மையாருக்கு நாங்கள் கொடுக்கும் வாக்கு. அண்ணாச்சி, நீங்களும் எங்களோடு நடக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் சொல்ல இருக்கிறது. சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்க நினைத்தேன். ஆனால் இந்த மேடையிலிருந்து பார்த்தால், அந்தத் திறந்த கதவு வழியாக, பள்ளி வாசல் தெரிகிறது. அங்கே நம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு வரிசையாக நிற்கிறார்கள். கையில் பூத்தட்டு. நான் பேச எழுந்தபோது அவர்கள் மேல் வேப்பமர நிழல் இருந்தது. இப்போது நிழல் நகர்ந்துவிட்டது. ஏன் நிற்கிறார்கள் என்று பக்கத்தில் கேட்டேன். அஞ்சலி செலுத்த விருந்தினர் வருகிறாராம். வழியில் இருக்கிறாராம்.

ஆனி பிறந்தும் வெயில் தணியவில்லை, தெரியுமல்லவா உங்களுக்கு? மூன்றாவதாக நிற்கிற பிள்ளை இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

தலைமையாசிரியர் அவர்களே, மன்னிக்க வேண்டும். என் பேச்சு இத்தோடு நிற்கிறது. நான் வாசலுக்குப் போகிறேன். சுகன்யா, தண்ணீர் எடுத்துக்கொண்டு நீ முன்னால் ஓடு. இந்த மைக் அங்கே வரை கேட்கும் அல்லவா?

ஏட்டி, தட்டைக் கீழ வச்சுட்டு உள்ள வாங்கட்டி! யாருக்காவும் நிக்காண்டாம், எல்லாரும் உள்ள வாங்க!